லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷனில்) கர்ப்பப்பை நார்க்கட்டியை (ஃபைப்ராய்டு) எடுக்கும்போது ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவார்கள்?

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் கர்ப்பப்பையின் அடியில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தை அடக்கலாம். சிறு துளை வழியே அது அவ்வளவு சுலபமில்லை. அதனால் முதலில் கைகொடுப்பது வாசோபிரசின் என்ற மருந்து. 20 யூனிட்டை 100 மில்லி சலைனில் (சிலர் இன்னும் நீர்க்கவே) கலந்து, நீண்ட ஊசியால் கட்டியைச் சுற்றியுள்ள தசையில் ஏற்றுவார்கள். ரத்தக்குழாய்கள் சுருங்கி, இளஞ்சிவப்பாக இருந்த இடம் கண்ணெதிரே வெளுத்துவிடும். அப்புறம்தான் கீறல். மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம். எனவே ஊசியின் பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டே ஏற்றுவார்கள்.

பெரிய கட்டி என்றால் கர்ப்பப்பைத் தமனிகளில் தற்காலிகக் கிளிப் போடுவதும் உண்டு. ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மிசோபிரோஸ்டால் போன்ற மருந்துகள் எல்லாம் துணைக்குத்தான்.

வாசோபிரசினின் வேகம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அதற்குள் கட்டியை எடுத்த குழியை அடுக்கடுக்காகத் தைத்து மூட வேண்டும். என் பார்வையில் ரத்தத்தை உண்மையில் நிறுத்துவது இந்தத் தையல்தான். நுண்ணிய முட்கள் தசையைப் பற்றிக்கொள்வதால் முடிச்சே தேவைப்படாத முள் நூல் வந்தபிறகு இந்த வேலை வேகமாகிவிட்டது. ரத்தம் கசியும் இடத்தை மின்சாரத்தால் சுடும் மின்சூட்டை அளவாகத்தான் வைப்பார்கள். அதிகமானால் தழும்பு பலவீனமாகி, பின்னாளில் கர்ப்பத்தின்போது கிழியும் ஆபத்து இருக்கிறது.