பவளப்பாறை கீறின கால்: நாளைக்குக் கடல்ல இறங்கலாமா?

இறங்காதீங்க. மூணு நாளாகியும் பாதத்துல சிவப்பும் அரிப்பும் குறையலைன்னு சொல்றீங்க. காயம் மூடுற வரைக்கும் கடல் தண்ணி படவே கூடாது. "உப்புத்தண்ணியே மருந்து"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அதுல கிருமியும் உண்டு.

பெரும்பாலும் பவளத்தோட பொடித் துணுக்குகள் தோலுக்குள்ள தங்கியிருக்கும். மேலாகக் கழுவினா போகாது. எரிஞ்சாலும் பரவாயில்லைன்னு சோப்பும் சுத்தமான நல்ல தண்ணியும் விட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. கண்ணுக்குத் தெரியுற துணுக்கை, கொதிக்க வச்சு ஆறின இடுக்கியால எடுங்க. ஆழமா இருந்தா நோண்டாதீங்க.

அப்புறம், சிவப்போட ஓரத்தைச் சுத்திப் பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, சீழ் வச்சாலோ, காய்ச்சல் அடிச்சாலோ அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க. அரிப்பு மட்டும்னா சில வாரம் இழுக்கலாம்.

சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இருந்தா கோடு போட்டுக் காத்திருக்கிற வேலையே வேண்டாம், இன்னிக்கே காட்டிடுங்க. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்போ போட்டீங்க? அழுக்குக் காயத்துக்கு, 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடச் சொல்வாங்க.