மழை பெய்யாத நாளா, மழைமானி அடைத்துக்கொண்ட நாளா?

வாசகர் கேள்வி – பதில்

காரைக்குடி வட்டாரத்தில் தானியங்கி வானிலை நிலையங்களைப் பராமரித்துவரும் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கண்மாய்ப் பாசனத்தில் நெல் போட்டிருக்கிறேன். போன ஐப்பசியில் ஒருநாள் வரப்பு மூழ்க மழை பெய்தது. பக்கத்து நிலையத்தின் கணக்கிலோ பூஜ்யம். கருவி பொய் சொல்லுமா?
– விவசாயி, பள்ளத்தூர்

சொல்லும் ஐயா. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது தேதி. வானிலைத் துறையின் மழைநாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. காலை 9 மணிக்குப் பெய்த மழை மறுநாள் தேதியில்தான் வரும். இரண்டாவது, இடிமழையின் குணம். கோட்டையூர்ச் சாலையில் தண்ணீர் ஓடும். பள்ளத்தூர் எல்லையில் புழுதி பறக்கும். இரண்டு ஊர்க் கணக்கும் சரியாகவே இருக்கும்.

இந்த இரண்டும் இல்லையென்றால், மழைமானி அடைத்திருக்கிறது என்று பொருள். மேலே 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு புனல். அதன் அடியில், நடுவில் தடுப்பு வைத்த சிறு குவளை ஒன்று சீசா பலகையைப் போல இரண்டு பக்கமும் சாயும்படி நிற்கிறது. 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர், ஏறத்தாழ 6.3 மில்லிலிட்டர், ஒரு பக்கத்தில் சேர்ந்ததும் குவளை சாய்ந்து கொட்டிவிடும். அடுத்த பக்கம் நிரம்பத் தொடங்கும். சாயும் ஒவ்வொரு முறையும் ஒரு காந்தம் சுவிட்சைக் கடக்கிறது. அந்தச் சொடுக்குகளை எண்ணுவதுதான் மழைக்கணக்கு.

புனலின் துளை மிகச் சிறியது. நம் பக்கத்துச் செம்மண் தூசி கோடை முழுவதும் அதில் படிகிறது. முதல் தூறலில் குழைந்து, வெயிலில் பூசியதுபோல இறுகிவிடுகிறது. வேப்பிலைச் சருகு, பறவை எச்சம், சிலந்தி வலை எல்லாம் சேரும். குளவி குவளைக்குப் பக்கத்திலேயே மண்கூடு கட்டிவிடும். அப்போது புனலில் தண்ணீர் இறங்கினாலும் குவளை சாயாது. வெளியிலிருந்து பார்த்தால் கருவி பளிச்சென்று நிற்கும். பேட்டரி சரியாக இருக்கும், தகவலும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். போவது பூஜ்யம்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். செத்துப்போன நிலையம் ஆபத்தில்லாதது. தகவல் நின்றால் கட்டம் காலியாக இருக்கும், யாராவது பார்த்து ஆள் அனுப்புவார்கள். பூஜ்யத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அது அப்படியே மாதக் கணக்கில் ஏறி, பிறகு ஆண்டுச் சராசரியில் கலந்துவிடுகிறது. வறட்சியா இல்லையா என்று முடிவெடுப்பவர்கள் கையில் இருப்பது அந்த எண்தான்.

ஆகவே ஒவ்வொரு முறை போகும்போதும் புனலைக் கழுவினால் மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும். 314 மில்லிலிட்டர் தண்ணீரை அளவுக்குடுவையில் எடுத்து, சொட்டுச்சொட்டாக அரைமணி நேரத்துக்குக் குறையாமல் விடுவேன். அது சரியாக 10 மில்லிமீட்டர் மழை. குவளை 50 முறை சாய வேண்டும். ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போனால் குவளைக்கு அடியிலுள்ள திருகுகளைத் திருப்பிச் சரிசெய்வேன். அவசரப்பட்டு மடமடவென்று ஊற்றக் கூடாது. குவளை சாய்கிற கணத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் போய்விடும். பெருமழையில் இந்தக் கருவி சற்றுக் குறைத்துக் காட்டுவதற்கும் அதுவே காரணம். சோதனைக்கு முன் மழைமானியிலிருந்து பதிவுக்கருவிக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பதைப் புதிதாக வரும் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். மறந்தால் சித்திரை வெயிலில் 10 மில்லிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவாகிவிடும்.

மின்னணுவியல் டிப்ளமோ இறுதி ஆண்டு படிக்கிறேன். இந்த வேலைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
– மாணவர், காரைக்குடி

தம்பி, மல்டிமீட்டரும் சால்டரிங்கும் உங்களுக்குக் கல்லூரியிலேயே கைவந்திருக்கும். அதற்கு மேல் பேட்டரியைப் படியுங்கள். ஒரு நிலையத்தின் தகவல் நள்ளிரவு தாண்டி நின்று, காலை 8 மணி வாக்கில் தானாகத் திரும்ப வருகிறதென்றால் பெட்டியைத் திறக்கும் முன்பே நோய் தெரிந்துவிடும்: பேட்டரி சார்ஜைப் பிடித்துவைக்கவில்லை, வெயில் வந்ததும் சோலார் தகடு கருவியை எழுப்புகிறது. பகலில் அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டி ஏமாற்றும். சூரியன் ஏறுவதற்கு முன் அளக்க வேண்டும். 12.5 இருந்தால் நிம்மதி, 11.5 என்றால் புதுப் பேட்டரி கேட்டு எழுதிவிடுங்கள். மூடிய இரும்புப் பெட்டிக்குள் நம் ஊர்க் கோடை வெப்பத்தைப் பேட்டரி நீண்ட நாள் தாங்காது.

பேட்டரியையும் துருவையும் ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் ஊரிலேயே 1953 முதல் இயங்கிவருகிறது. இதைவிட நல்ல இடத்தில் நீங்கள் பிறந்திருக்க முடியாது.

கம்பத்தில் ஏறவும் பழகுங்கள். காற்றின் வேகத்தை அளக்கும் கருவி 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். இடுப்புப் பட்டை இல்லாமல் ஏறச் சொல்லும் நிறுவனத்தில் சேராதீர்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீடு பூட்டியே கிடக்கிறது. வளவிலோ (நடுமுற்றத்திலோ) மொட்டை மாடியிலோ நிலையம் வைத்துக்கொள்ள இடம் தருகிறேன். பயன்படுமா?
– வாசகி, சென்னை

உங்கள் மனத்துக்கு நன்றி ஆச்சி. ஆனால் வீட்டுக்குள் வைக்க இயலாது. வளவைச் சுற்றி நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்ளே இறங்குகிறது. மழையை வீட்டுக்குள் வரவழைக்கவே நம் முன்னோர் அப்படிக் கட்டினார்கள். மழைமானிக்கோ வானத்திலிருந்து நேராக விழுவது மட்டுமே வேண்டும். சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது, முடிந்தால் நான்கு மடங்கு தள்ளி நிறுத்த வேண்டும். மொட்டை மாடியில் தளம் வெப்பத்தைக் கக்கும். ஊரின் வெப்பநிலைக்குப் பதிலாக மாடியின் வெப்பநிலைதான் கிடைக்கும். வெப்பமானி மண் தரைக்கு மேல், மார்பு உயரத்தில், வெள்ளைத் தட்டடுக்குக்குள் இருக்க வேண்டும். அந்தத் தட்டுகளில் செம்மண் படிந்தால்கூட வெப்பம் கூடுதலாகக் காட்டும்.

உங்களுக்கு ஊர்ப்புறத்தில் திறந்த காலி மனை இருந்தால் அது பொன்னான இடம். ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வேறொன்றும் சொல்லலாம்: அடி தட்டையான, பக்கம் நேரான கண்ணாடிக் குவளை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30க்கு அடிக்கோலால் அளந்து, நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடட்டும். 10 மில்லிமீட்டர் என்றால் ஓர் ஏக்கரில் 40,000 லிட்டர் விழுந்திருக்கிறது. ஊருணிக்கு வரத்துக்கால் சரியாக இருக்கிறதா என்று கேட்க அந்த நோட்டு போதும்.

புயல் வந்தால் செல்போன் கோபுரமே செத்துவிடுகிறது. உங்கள் கருவி மட்டும் என்ன செய்யும்?
– ஆசிரியர், திருமயம்

நல்ல கேள்வி. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து புதுக்கோட்டை வழியாகப் போனது உங்களுக்கு மறந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் சிம் கார்டு வழியாகத் தகவல் போகாது. ஆனால் கம்பம் நின்று, பேட்டரியும் இருந்தால், எண்கள் பெட்டிக்குள் இருக்கும் பதிவுக்கருவியின் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். பாதை திறந்ததும் நேரில் போய்க் கேபிள் போட்டு எடுத்துவிடலாம். கம்பத்தைப் பிடித்திருக்கும் இழுகம்பிகளைப் புரட்டாசிக்குள் இறுக்கிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

தனியாகப் போகிறீர்களே, பாம்பு பயம் இல்லையா?
– பள்ளி மாணவி, தேவகோட்டை

உண்டு அம்மா. வேலியைத் தட்டி ஓசை எழுப்பிவிட்டு, நீளக் கம்பால் பெட்டிக் கதவைத் திறப்பேன். பாம்பைவிட இடிக்கே அதிகம் பயப்படுகிறேன். தூரத்தில் இடி கேட்டாலும் கம்பத்தை விட்டு இறங்கி வண்டிக்குள் போய்விடுவேன்.

எங்கள் ஊர் நிலையத்துக்கு நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?
– இளைஞர் மன்றத்தினர், குன்றக்குடி அருகே

நிறையச் செய்யலாம். வேலியில் ஆட்டைக் கட்டாதீர்கள், துணி காயப்போடாதீர்கள். சுற்றி முளைக்கும் சீமைக்கருவேலைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். இரண்டு மழைக்காலம் விட்டால் தெற்குப் பக்கம் பார்த்த சோலார் தகட்டை மறைத்துவிடும். மயில் கம்பத்தில் உட்கார்ந்தால் விரட்டலாம், கல் மட்டும் எறியாதீர்கள், தகடு உடையும். பூட்டை நீங்களாகத் திறந்து புனலைத் துடைக்க வேண்டாம், குவளை நகர்ந்தால் கணக்கே மாறிவிடும். ஊரில் நல்ல மழை பெய்த மறுநாள் அந்த நிலையத்தின் எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால் பலகையில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அன்றே சொல்லுங்கள், மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது விட்டது என்பதையும் சேர்த்து.