சிலம்ப ஆசான் தாய்ச்சி சொல்லித் தரலாமா?

கேள்வி: வயது 48. இருபது வருஷமாகச் சிலம்பம் கற்றுத் தருகிறேன். முட்டி வலி வந்த பிறகு, மாதாமாதம் சென்னை போய் மூன்று வருஷம் தாய்ச்சி படித்தேன்; மெதுவாக அசைந்து செய்கிற சீனக் கலை அது. ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்கும் காவிரிப் படித்துறையில் சொல்லித் தரக் கேட்கிறார்கள். என்னிடம் சிலம்பம் படிக்கிற பையன்களோ, "ஆசான் கம்பைப் போட்டுவிட்டுக் காற்றைத் தடவுகிறார்" என்று சிரிக்கிறார்கள். ஆரம்பிக்கலாமா?
— சிலம்ப ஆசான், திருவையாறு

பதில்: ஆரம்பியுங்கள். ஆனால் படித்துறை வேண்டாம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் படியெல்லாம் பாசி. விழாமல் நடக்கப் பழக வருகிறவர்களை வழுக்குகிற கல்லில் நிறுத்துவானேன்? பள்ளிக்கூடத் திடல் போதும்.

சென்னை ஆசிரியரிடம் உத்தரவு கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. உங்கள் பையன் கேட்காமல் தனிக் களம் போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

சிரிக்கிறவனைக் கூப்பிட்டு உங்கள் மார்பில் கைவைத்துத் தள்ளச் சொல்லுங்கள். எதிர்க்காமல் இடுப்பைத் திருப்பி வழிவிட்டால் அவனே தடுமாறுவான். தாய்ச்சியும் சண்டைக் கலைதான். அதைச் சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்திடம் கற்று பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனவர் யாங் லூசான் (1799–1872). தள்ளும்போது உங்கள் தோள் இறுகிக்கொண்டால் மட்டும் இன்னும் ஒரு வருஷம் ரயில் ஏறுங்கள். சிலம்பக்காரருக்கு அந்த இறுக்கம் லேசில் போகாது.

போதிதருமர் காஞ்சியிலிருந்து கொண்டுபோன கலை என்று நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். அவர் கதை ஷாவோலின் மடத்துக் குங்ஃபூவைச் சேர்ந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பவரை டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். வயதானவர்கள் தடுக்கி விழுவது குறையும் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

1956-ல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசையை முதல் மாதமே முழுசாக எடுக்காதீர்கள். தாழ்ந்து நிற்பது உங்கள் பழக்கம். அவர்கள் நிமிர்ந்தே நிற்கட்டும், பக்கத்தில் ஒரு நாற்காலியோடு. கால்விரல் பார்க்கும் திசையிலேயே முட்டி மடங்க வேண்டும். எடையை மாற்றிய பிறகே பாதத்தைத் திருப்ப வேண்டும். உங்கள் முட்டிக்கும் இதேதான்.

அந்த வரிசையில் குரங்கை விரட்டிக்கொண்டே பின்வாங்குகிற அசைவு ஒன்று வருமே, அதிலிருந்து தொடங்குங்கள். முன்காலில் எடை இருக்க, பின்கால் விரல் நுனியால் தரையைத் தொட்டுப் பார்த்து, குதிகால் இறங்கி, அப்புறமே உடம்பு பின்னால் போகும். சேற்றில் குனிந்து பின்னால் நகர்ந்தே நாற்று நட்ட பாட்டிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குனியாமல் செய்யச் சொன்னால் போதும். அவரை முன்வரிசையில் நிறுத்துங்கள். பையன்கள் பின்னால் நின்று பார்க்கட்டும்.