மூன்றாம் சுற்றிலும் மூச்சு நிற்க வேண்டுமானால்

கேள்வி: எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புப் போட்டிகளில் சில ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். சாதாரண நாட்களில் என் எடை 79 கிலோ, 70.3 கிலோ வரம்புள்ள லைட்வெயிட் பிரிவில் மோதுகிறேன். முதல் சுற்றில் என் கை ஓங்கியிருக்கிறது. இரண்டாம் சுற்றின் நடுவிலேயே கைகள் கனத்துவிடுகின்றன. நாள்தோறும் 10 கிலோமீட்டர் ஓடியும் ஸ்டாமினா கூடவில்லை. இன்னும் அதிகமாக ஓட வேண்டுமா, அல்லது எடைப் பிரிவை மாற்ற வேண்டுமா?

பதில்: 79-இலிருந்து 70.3-க்கு இறங்குவதென்றால் 8.7 கிலோ குறைக்க வேண்டும். அது உங்கள் உடல் எடையில் 11 விழுக்காடு. முடிவு சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. எடை குறைக்காத நாட்களில், பயிற்சிக்கூடத்தில், உங்களுக்கு இணையான ஒருவரோடு முழு வேகத்தில் மூன்று சுற்றுகள் மோதும்போதும் இதே இடத்தில்தான் தளர்ந்துபோகிறீர்களா? அங்கே மூன்று சுற்றும் தாக்குப்பிடித்துவிட்டுப் போட்டியில் மட்டும் தளர்கிறீர்கள் என்றால், உங்கள் ஓட்டத்தில் குறையில்லை. எடையைக் குறைத்த விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். இரண்டு இடங்களிலும் தளர்ந்தால் பயிற்சி முறையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

பல வாரங்கள் உணவைச் சீர்செய்து கொழுப்பைக் குறைப்பது ஒரு வகை. எடைபோடுவதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் தண்ணீரை நிறுத்தி, வெந்நீர்க் குளியலிலும் நீராவி அறையிலும் வியர்த்து இறங்குவது வேறு வகை. இந்த இரண்டாவது வகையில் உடலைவிட்டுப் போவது பெரும்பாலும் நீர்தான். இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவான இரத்தத்தையே அனுப்ப முடிகிறது. ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. வியர்வை குறைவதால் உடலின் சூடும் தணிவதில்லை. உடல் எடையில் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே நீடித்து உழைக்கும் திறன் பாதிக்கப்படத் தொடங்கும். தசைகளில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்தும் இதோடு கரைகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருப்பதால், அதைக் கரைத்தால் தராசு விரைவாக இறங்கும். ஆனால் இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் கை கால்களை இயக்க வேண்டிய எரிபொருளும் அதுவே.

எடைபோட்ட பின் குடித்தும் உண்டும் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். மறுநாள் தராசில் பழைய எண் தெரியலாம். ஆனால் உள்ளே போன நீர் போய்ச் சேர வேண்டிய இடங்களுக்கெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தையும், எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் அமைப்பான யு.எஃப்.சி.யின் வீரர்களுக்கு 2015 முதல் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் கட்டுப்படுத்திவிட்டன.

உங்களுக்கு அடுத்த மேல் பிரிவான வெல்டர்வெயிட்டின் வரம்பு 77.1 கிலோ. அதற்கு நீங்கள் இரண்டு கிலோவுக்கும் குறைவாகவே இறங்க வேண்டும். அங்கே உங்களைவிட உயரமும் எலும்புக் கட்டும் மிகுந்தவர்கள் வருவார்கள், சிலர் 85 கிலோவிலிருந்து இறங்கி வருவார்கள் என்பது மெய்தான். ஆனாலும் மேலே ஏறி மேம்பட்டவர்கள் உண்டு. வெல்டர்வெயிட்டிலிருந்து 2014-இல் மிடில்வெயிட்டுக்கு ஏறிய ராபர்ட் விட்டேக்கர், 2017-இல் தன்னைவிடக் கட்டுறுதியாகத் தோன்றிய யோவெல் ரொமேரோவோடு ஐந்து சுற்றுகள் நின்று இடைக்காலப் பட்டத்தை வென்றார். ஃபெதர்வெயிட்டிலிருந்து லைட்வெயிட்டுக்கு ஏறிய டஸ்டின் பொரியே, 2019-இல் மேக்ஸ் ஹாலோவேயை ஐந்து சுற்றுகளில் வென்று இடைக்காலப் பட்டம் பெற்றார். இருவருமே கடைசிச் சுற்றுவரை நின்றே வென்றார்கள்.

இதற்கு எதிரான பாடமும் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. ஃபெதர்வெயிட் பட்டத்தை வைத்திருந்த கானர் மெக்ரிகர், 2016 மார்ச்சில் 170 பவுண்டு வரம்பில், அதாவது 77.1 கிலோ வெல்டர்வெயிட்டில், நேட் டயஸை எதிர்கொண்டார். பட்டினியோ வறட்சியோ இல்லாமல் களமிறங்கியும் இரண்டாம் சுற்றில் களைத்து, கழுத்துப் பிடியில் தோற்றார். பெரிய உடலின் மீது முழு வலுவோடு வீசிய குத்துகள் அவருடைய மூச்சைத்தான் வாங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே எதிராளியோடு, அதே வரம்பில், ஐந்து சுற்றுகளும் மோதிப் பெரும்பான்மைத் தீர்ப்பில் வென்றார். இடையில் எடைப் பிரிவு மாறவில்லை. தயாரிப்பும், வேகத்தைப் பங்கிட்டுச் செலவிட்ட விதமும் மாறியிருந்தன. ஆகவே மேலே ஏறினால் மூச்சு தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இனி ஓட்டம். அதை விட்டுவிட வேண்டாம்; ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையே உடலைத் தேற்றுவது அதில் வளரும் ஆக்சிஜன் வழித் திறன்தான். ஆனால் எதிராளியைக் கம்பி வலையோடு அழுத்திப் பிடித்திருக்கும்போது உங்கள் முன்கைத் தசைகள் தளராமல் இறுகியே இருக்கின்றன; அந்த இறுக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கை கனக்கிறது. இதை எந்தச் சாலை ஓட்டமும் பழக்காது. தொழில்முறைப் போட்டியில் ஒரு சுற்று 5 நிமிடம், இடைவேளை 1 நிமிடம். பயிற்சியையும் அதே கணக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடமும் களைக்காத புதிய ஆள் மாறி வந்து உங்களைப் பிடிக்கும்படி வாரத்தில் ஒரு நாளாவது செய்யுங்கள். இடைவேளை முடியும்போது நாடித்துடிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்து வாருங்கள். முன்னேற்றம் அங்கே தெரியும். குத்தும்போது மூச்சை அடக்குகிறீர்களா என்பதையும் யாரையாவது கவனிக்கச் சொல்லுங்கள். போட்டிப் பதற்றத்தில் பலர் தம்மை அறியாமலே அப்படிச் செய்கிறார்கள்.

என் கருத்து: அடுத்த இரண்டு போட்டிகளை வெல்டர்வெயிட்டில் மோதிப் பாருங்கள். லைட்வெயிட்டை விட மனமில்லையென்றால், முதலில் உணவு வழியாக 75 கிலோ அளவில் நிலைத்து வாழ முடிகிறதா என்று ஒரு விளையாட்டு மருத்துவரின் துணையோடு பாருங்கள். முடியவில்லையென்றால் அது உங்கள் பிரிவு அல்ல.

கேள்வி: ஹெவிவெயிட்டில் எடை குறைக்கும் தொல்லையே இல்லையே, அங்கே ஏன் பலர் விரைவில் களைக்கிறார்கள்?

பதில்: பெரிய உடலை நகர்த்தவும் குளிர்விக்கவும் ஆகும் செலவு அதிகம். 120.2 கிலோ வரம்பைத் தொட அங்கேயும் சிலர் எடை குறைக்கத்தான் செய்கிறார்கள். ஓயாத வேகத்துக்குப் பெயர்பெற்ற கெய்ன் வெலாஸ்கெஸ்கூட, 2015-இல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் ஃபாப்ரிசியோ வெர்டூமிடம் மூச்சுத் திணறி மூன்றாம் சுற்றில் தோற்றார். வெர்டூம் பல வாரங்கள் முன்னதாகவே உயரமான இடத்தில் தங்கிப் பயின்றிருந்தார். மெல்லிய காற்றுக்கு உடல் பழக அந்தக் காலம் தேவைப்படுகிறது.

கேள்வி: சிறுநீரைச் சோதித்து எடை குறைப்பைத் தடுக்கும் முறை பயன் தருகிறதா?

பதில்: 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற மற்றொரு எம்.எம்.ஏ. அமைப்பின் மணிலா போட்டிக்காக எடை குறைத்த 21 வயது வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகே அந்த அமைப்பு நீரை வெளியேற்றி எடை குறைப்பதைத் தடைசெய்தது. சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025-ஐத் தாண்டினால் வீரர் போதிய நீரின்றி இருக்கிறார் என்று கொள்ளப்படும். எடையும் இந்த அளவும் சேர்ந்து தேற வேண்டும். கூடவே பிரிவுகளின் வரம்புகளையும் மேலே நகர்த்தினார்கள். அதனால் யு.எஃப்.சி.யில் 70.3 கிலோவாக உள்ள லைட்வெயிட் அங்கே 77.1 கிலோ. இரண்டு அமைப்புகளின் வீரர்களை ஒப்பிடும் வாசகர்கள் பெயரை விட்டுவிட்டுக் கிலோவைப் பார்க்க வேண்டும். சோதனைக்கு முன் நிறையத் தண்ணீர் குடித்து அளவைத் தாழ்த்த முயல்வோர் இருக்கலாம். ஆனால் குடித்த தண்ணீர் தராசில் ஏறும் என்பதால் ஏமாற்றுவது எளிதல்ல. குறைபாடு உண்டென்றாலும், ஒரே ஒரு முறை தராசில் ஏற்றி அனுப்பிவிடும் வழக்கத்தைவிட இதை நான் மேலானதாகவே கருதுகிறேன்.