சேறு கலக்குவது ஒரு வேலையா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எண்ணெய் ரிக்கில் 28 வருடம் 'மட்' பிரிவில் வேலை பார்த்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வரி போட்டாலும் போட்டார்கள், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மட் என்றால் வேறொன்றுமில்லை, கிணறு துளைக்கும்போது பம்ப் வைத்துக் குழாய் வழியாக உள்ளே அனுப்பி, மேலே திரும்பி வரவைக்கிற சேறு. திருநகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை.

போன மாதம் எங்கள் தோட்டத்தில் 700 அடிக்கு போர் போட்டோம். ஊற்று பட்டதும் தென்னை மர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எண்ணெய்க் கிணறு பீறிடுகிறது என்கிறார்களே, அதுவும் இப்படித்தானா?
*- விவசாயி ஒருவர், மேலூர்*

பார்க்க ஒன்று மாதிரி இருக்கும், சங்கதி வேறு. உங்கள் தோட்டத்தில் தண்ணீரைத் தூக்கி அடித்தது பூமி இல்லை, ரிக் வண்டியோடு வந்த கம்ப்ரசர். குழாய் வழியாக அது உள்ளே அடிக்கிற காற்றுதான் பாறைத்தூளையும் தண்ணீரையும் வாரிக்கொண்டு மேலே வருகிறது. கம்ப்ரசரை நிறுத்தினால் அடங்கிவிடும், அப்புறம் மோட்டார் இறக்கினால்தான் உங்களுக்குத் தண்ணீர். எண்ணெய்க் கிணற்றில் பம்பை நிறுத்திய பிறகும் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தால் அப்போதுதான் வயிற்றில் புளி கரையும். ரிக்கில் சந்தேகம் வந்தால் முதலில் செய்கிற சோதனையும் அதேதான்: பம்பை நிறுத்து, கிணறு ஓடுதா நிற்குதா பார்.

மேலூரில் அந்தப் பயம் வேண்டாம். கீழே இருப்பது குவாரியில் வெட்டுகிறார்களே அதே கெட்டிப் பாறை. எண்ணெயும் எரிவாயுவும் தங்குவதற்குப் பெரும்பாலும் வண்டல் பாறை வேண்டும், அதற்கு நீங்கள் தென்கிழக்கே ராமநாதபுரம் பக்கம் போகணும். வழுதூரில் அந்த எரிவாயுவை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள்.

என் மகன் பி.இ. முடித்துவிட்டு எண்ணெய் ரிக்கில் மட் இன்ஜினீயர் பயிற்சிக்குப் போயிருக்கிறான். 'படிச்ச பையன் சேறு கலக்கப் போறானா' என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமான வேலையா, ஆபத்தானதா?
*- ஒரு தாய், பரமக்குடி*

அம்மா, கேலி செய்கிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தச் சேறுதான் கிணற்றின் மூடி.

10 மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். 3000 மீட்டர் கிணறு என்றால் வெறும் தண்ணீரே 300 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 கிலோ சொச்சம்தான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் பாறைக்குள் இருக்கிற எரிவாயு 340 கிலோவில் தள்ளுகிறது என்றால் தண்ணீர் தோற்றுவிடும். அதனால் தண்ணீரில் பென்டோனைட் களிமண்ணைக் கரைத்து, பேரைட் தூளைப் போட்டுக் கனமாக்குகிறோம். பேரைட் தண்ணீரைப் போல நாலு மடங்குக்கு மேல் கனம், ஒரு மூட்டையைத் தூக்கினால் இடுப்பு சொல்லும். நம் பக்கத்து ஆந்திராவில் மங்கம்பேட்டையில்தான் அது மலை மலையாகக் கிடக்கிறது. தண்ணீரைவிட 1.2 மடங்கு கனமாகக் கலக்கினால் அடியில் 360 கிலோ கிடைக்கும். வாயு வாலைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குள்ளேயே கிடக்கும்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் பேரைட்டைக் கொட்டினால் என்ன என்று புதிதாக வருகிற எல்லாப் பையன்களும் கேட்பார்கள், நானும் கேட்டேன். அழுத்தம் கூடினால் பாறை விரிசல் விட்டு அந்தச் சேற்றையே குடித்துவிடும். கிணற்றில் மட்டம் இறங்கும், உயரம் குறைந்தால் அழுத்தம் குறையும், அந்த இடைவெளியில் வாயு உள்ளே நுழையும். ஆக, குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு. அதனால்தான் உங்கள் மகன் கையில் வெள்ளிக்கோல் மாதிரி ஒரு சின்னத் தராசைக் கொடுத்திருப்பார்கள். கிண்ணத்தில் மட்டை ஊற்றி மூடியை அழுத்தினால் நடுத் துளை வழியாகக் கொஞ்சம் பிதுங்கும், அதைத் துடைத்துவிட்டு எடையை நகர்த்தி நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கும்வரை பார்க்கணும். துடைக்காமல் எடை பார்த்தால் தப்பான கணக்கு வரும். நாள் முழுக்க, ராத்திரி முழுக்க இதே வேலை.

ஆபத்தா என்று கேட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். ஆந்திரக் கரையோரம் ஒரு கிணற்றில், ராத்திரி இரண்டரை மணி, மட் டேங்கில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைவிட இரண்டு விரற்கடை மேலே மட் நிற்பதை ஒரு ஹெல்பர் பையன் பார்த்துவிட்டுக் கத்தினான். உள்ளே அனுப்பிய அளவைவிட அதிகம் வெளியே வருகிறது என்றால் கீழே விருந்தாளி நுழைந்துவிட்டான் என்று அர்த்தம். இதற்கு ரிக்கில் 'கிக்' என்று பேர். ரிக்கை இயக்குகிற டிரில்லர், குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கி, பம்பை நிறுத்தி, எட்டிப் பார்த்தார். ஓடுகிறது. யாரையும் கேட்காமல் கிணற்று வாயில் இருக்கிற வால்வை மூடினார். கேஜ் 15 கிலோ காட்டியது. 3000 மீட்டர் ஆழமான அந்தக் கிணற்றில், தண்ணீரைவிட 1.20 மடங்கு கனமாக இருந்த மட்டை 1.25 மடங்கு ஆக்கினால் சரியாகிவிடும் என்பது கணக்கு. நாங்கள் மூட்டை மூட்டையாகப் பேரைட்டைக் கொட்டிக் கலக்கி, வாயுவைச் சின்ன வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி முடிக்கும்போது மறுநாள் சாயங்காலம். மேலதிகாரி ஒருவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "யாரைக் கேட்டு மூடினாய், ஒரு நாள் வேலை போச்சே" என்பதுதான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு விரற்கடைக்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், அடியில் ஒரு குடம் வாயு நுழைந்தால் மேலே வரும்போது அது 200, 300 குடமாகிவிடும். அதுவும் சீராக விரியாது. 3000 மீட்டரிலிருந்து 1500 வரை வரும்போது இரண்டு மடங்குதான், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், கடைசிச் சில நூறு மீட்டரில்தான் தலைவிரித்து ஆடும். அப்போது மூட ஓடினால் நேரம் இருக்காது. இன்னொன்று, குழாயை வெளியே எடுக்கும்போது அவசரப்பட்டு இழுத்தால் சிரிஞ்சில் மருந்தை இழுக்கிற மாதிரி வாயுவை நாமே உள்ளே இழுத்துவிடுவோம். எடுக்கிற இரும்பின் அளவுக்கு மட்டை ஊற்றிக்கொண்டே வரணும். மகனிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள், டக்கென்று பதில் சொன்னால் பையன் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறான்.

கிணற்று வாயில் பி.ஓ.பி. (ப்ளோஅவுட் பிரிவென்டர்) என்ற, பீறிடலைத் தடுக்கும் ராட்சத வால்வு இருக்கும்போது விபத்து எப்படி நடக்கிறது?
*- கல்லூரி மாணவர், தல்லாகுளம்*

அது கடைசிக் கதவு தம்பி. அமெரிக்காவில் ஏபர்குரோம்பி, கேமரன் என்ற இருவர் 1922ல் கண்டுபிடித்த யோசனைதான் இன்றைக்கும் அடிப்படை: இரண்டு பக்கமிருந்தும் இரும்புக் கட்டைகள் வந்து குழாயைக் கவ்வி அடைக்கும். பிறகு வந்த வகைகள், முடியாவிட்டால் வெட்டியே மூடும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்ததால் வெட்டியும் அடைக்க முடியவில்லை. 11 பேர் செத்தார்கள், 87 நாள் எண்ணெய் கடலில் ஓடியது. ஆனால் அதற்கு முன்பே அழுத்தச் சோதனை ஒன்று 'சரியில்லை' என்று காட்டியிருந்தது, அதைச் 'சரி' என்று படித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் விபத்து அங்கேயே நடந்துவிட்டது. அசாம் பாக்ஜானில் 2020 மே 27ல் பீறிட்டபோது கிணற்றில் மராமத்து வேலை, பி.ஓ.பி.யையே கழற்றியிருந்தார்கள். ஜூன் 9ல் தீப்பிடித்தது. கோதாவரி பக்கம் பாசர்லப்பூடியில் 1995ல் எரிந்த கிணற்றை அடக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

எரிகிற கிணற்றை வெடி வைத்து அணைப்பார்களாமே, நிஜமா?
*- வாசகர், திருமங்கலம்*

நிஜம். வெடிக்கிற அதிர்ச்சியில் தீயும் எரிவாயுவும் ஒரு கணம் பிரிந்துவிடும், அவ்வளவுதான். 1991ல் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்தபோது ஹங்கேரிக்காரர்கள் ஒரு பழைய ராணுவ டாங்கியின் முதுகில் இரண்டு மிக்-21 விமான இன்ஜின்களை ஏற்றிக்கொண்டு வந்து, அந்தக் காற்றோடு தண்ணீரைக் கலந்து ஊதியே அணைத்தார்கள்! ஆனால் தீ அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும், ஒரு பொறி பட்டால் மறுபடி பற்றும். சொட்டச் சொட்ட நனைந்தபடி அதற்குப் பக்கத்தில் போய் நின்று புது வால்வைப் பொருத்துகிறார்களே, பயமெல்லாம் அங்கேதான்.