பள்ளிக்கூடத்தில் சர்க்கரை இறங்கி 'லோ' ஆனால்: டைப் 1 பிள்ளைகளின் அவசர மருந்து பற்றிக் கேள்வி பதில்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட வேண்டிய பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கும் நர்ஸ் நான். பள்ளி திறக்கிற நேரமாயிற்றே என்று கேள்விகளை அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டது. டோஸைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது, உங்கள் டாக்டரிடம் போங்கள்.

ஆசிரியை, விருதுநகர் பக்கம்: என் மூன்றாம் வகுப்பில் இன்சுலின் போடும் பையன் ஒருவன் இருக்கிறான். மயங்கி விழுந்தால் நான் என்ன செய்வது சிஸ்டர்?

விழுகிறவரை காத்திருக்காதீர்கள் டீச்சர். சர்க்கரை இறங்கும்போது பிள்ளை வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் எரிந்துவிழும், இல்லாவிட்டால் பேசாமல் மேசையில் தலையைச் சாய்த்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் கணக்கு நோட்டைப் பார்த்தே கண்டுபிடித்தார், பாதிப் பக்கத்துக்கு மேல் எண்களெல்லாம் கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போயிருந்தன.

ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 70க்குக் கீழே என்றால் லோ. மீட்டர் கைவசம் இல்லையா, லோ என்றே வைத்துக்கொண்டு கொடுங்கள். குளுக்கோஸ் பவுடர்தான் முதலில். கிலோவுக்கு 0.3 கிராம் கணக்கு, அதாவது 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் கலக்கி. பெரிய பிள்ளைகளுக்கு 15 கிராம். பவுடர் இல்லையென்றால் வீட்டுச் சர்க்கரையும் ஆகும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு தடவை. ஏறிய பிறகுதான் பிஸ்கட், சாப்பாடு எல்லாம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

நினைவு இல்லை, அல்லது ஃபிட்ஸ் வந்துவிட்டது என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஒரு சொட்டுகூட. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர ஊசி) இருந்தால் போட்டுவிட்டு, 108க்கு அடித்து "சர்க்கரை உள்ள பிள்ளை, இன்சுலின் போடுகிறது, நினைவில்லை" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. தலை சுற்றுகிறது என்கிற பிள்ளையை "போய் முகம் கழுவிட்டு வா" என்று தனியாக அனுப்பவே கூடாது. அது பாத்ரூமில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? மருந்துதான் பிள்ளையைத் தேடி வர வேண்டும்.

பி.டி. ஆசிரியர்: எங்களிடம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் இருக்கும், போதாதா?

போதாது சார். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஒரு டம்ளர் குடித்தால் மூன்று கிராம்கூடச் சேராது. அது வயிற்றுப்போக்குக்கு. உங்கள் விசில் பக்கத்திலேயே குளுக்கோஸ் டப்பா ஒன்றை வையுங்கள், ஓடியாடிய பிள்ளைக்கு விளையாட்டு முடிந்து சில மணி நேரம் கழித்தும் இறங்கும்.

அம்மா, தேனி: குளுக்ககான் என்கிறீர்களே, அது என்ன? எங்கள் ஊர் மெடிக்கலில் கேட்டால் முழிக்கிறார்கள்.

முழிக்கத்தான் செய்வார்கள், நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. டாக்டர் சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரி மருந்தகங்களில் கேட்டு ஆர்டர் செய்துதான் வாங்க வேண்டியிருக்கும். இன்சுலின் சர்க்கரையை இறக்கும், இது ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டு அளவை ஏற்றும். குப்பியில் வெள்ளைப் பவுடர், சிரிஞ்சில் தண்ணீர். தண்ணீரைக் குப்பிக்குள் செலுத்தி, தெளியும்வரை மெதுவாகச் சுழற்றி, திரும்ப உறிஞ்சித் தொடையில் போட வேண்டும். 25 கிலோவுக்கு மேல் முழுசு, 1 மி.கி. அதற்குக் கீழே பாதி. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கண் திறக்கும், பல பிள்ளைகள் வாந்தி எடுக்கும், அதனால்தான் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்வது. அந்தப் பெட்டியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைப்பதுதான் நல்லது, நம் ஊர் வெயிலில் அலமாரியை நம்பாதீர்கள்.

மூக்கில் அடிக்கும் பவுடரும் உண்டு, அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. கலக்க வேண்டாம், ஊசி வேண்டாம், பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கக்கூடத் தேவையில்லை.

அப்பா, கரூர்: சித்த மருந்தில் டைப் 1 குணமாகுமா?

ஆகாது. இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

அம்மா, மதுரை: மகள் இரண்டாம் வகுப்பு. காலையில் ஊசி போட்டு அனுப்புகிறேன், பள்ளியில் காலை உணவு சாப்பிடுகிறாள். வாரம் இரண்டு தடவை பிரேயரில் மயக்கம்.

இதைக் கேட்டதற்கு நன்றிம்மா. 2022 செப்டம்பரில் உங்கள் மதுரையில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, நல்ல திட்டம், ஆனால் இன்சுலின் போடும் பிள்ளைக்கு ஊசியும் உப்புமாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் ஏழு மணிக்கு ஊசி போட்டு, பள்ளியில் எட்டரைக்குத் தட்டு வந்தால் நடுவில் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? ஒன்று வீட்டிலேயே சாப்பிட வைத்து அனுப்புங்கள், அல்லது ஊசியைப் பள்ளிக்குக் கொண்டுபோய்த் தட்டு வந்ததும் போட ஏற்பாடு செய்யுங்கள், எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. கலவை இன்சுலின், 30/70 என்று குப்பியில் போட்டிருக்குமே, அதுவென்றால் மதியத்துக்கு முன்னாலும் ஒரு இறக்கம் வரும். பதினொரு மணிக்குச் சுண்டலோ பிஸ்கட்டோ கட்டாயம், டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் சாப்பிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ஆசிரியர் கையில் ஊசி கொடுப்பது தவறு. ஏதாவது ஆனால் ஊரே பள்ளி வாசலில் நிற்கும். பெற்றோரை வரவழைக்க வேண்டியதுதான்.

இந்தக் கேள்விக்குக் கீழே கமெண்டில் நடந்த சண்டையைப் பார்த்தேன், மற்ற கேள்விகளையெல்லாம் விழுங்கிவிட்டது. பி.டி. சார் "பெற்றோர் வர நாற்பது நிமிடம் ஆகும், அதுவரை ஃபிட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கவா?" என்று கேட்டார், பெரியவர் கோபப்பட்டார். வக்கீல் தம்பி ஒருவர் வந்து, ஒப்புதல் வாங்க வழியில்லாத நேரத்தில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது, பழைய தண்டனைச் சட்டத்தில் 92, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30ஆம் பிரிவு என்றார். கலிபோர்னியாவில் இருக்கும் அம்மா, அங்கே இதே கேள்வி வழக்காகி அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போனதையும், பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர் இன்சுலின் போடலாம் என்று 2013இல் தீர்ப்பு வந்ததையும் எழுதினார். கூடாது என்று வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா, நர்ஸ் சங்கம். எங்கள் ஆட்களேதான்!

ஐயா, உங்கள் பயம் நியாயம், அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் இன்சுலினையும் குளுக்ககானையும் ஒன்றாகப் பார்க்கிறீர்கள். இன்சுலின் அளவு தப்பினால் உயிருக்கு ஆபத்து, அதை டீச்சர் தலையில் கட்டுவதில் எனக்கும் சம்மதமில்லை. குளுக்ககான் தேவையில்லாமல் போட்டுவிட்டால் பெரும்பாலும் வாந்தியும் கொஞ்ச நேரம் ஏறிய சர்க்கரையும்தான். பெற்றோர் கையெழுத்து, டாக்டர் கடிதம், மனமுவந்து பழகிக்கொண்ட இரண்டு ஆசிரியர்கள், இவ்வளவு இருந்தால் போதும். மனமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அவர் 108க்கு அடிக்கட்டும்.

மூன்று பேர், ஒரே கேள்வி: மயங்கிய பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டலாமா?

மேலே படியுங்கள். ஊற்றாதீர்கள்.

பத்தாம் வகுப்பு மாணவியின் அக்கா: பரீட்சை ஹாலில் மீட்டர், மிட்டாய் எல்லாம் அனுமதிப்பார்களா?

சி.பி.எஸ்.இ. 2017லேயே சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச், தண்ணீருக்கு அனுமதி கொடுத்தது, டாக்டர் சான்றிதழைப் பள்ளி வழியாகக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையமும் 2023 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தை அச்செடுத்து, சான்றிதழோடு ஹெச்.எம்.மிடம் இப்போதே கொடுங்கள், பரீட்சைக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். ஜே.இ.இ.க்கு விதி வேறு, பழம், சர்க்கரை மாத்திரை உண்டு, சாக்லேட், சாண்ட்விச் கிடையாது.

வகுப்பு ஆசிரியர், பெயர் போடவில்லை: பிள்ளை வாந்தி எடுத்தாள், மெஸ் சாப்பாடு சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சரிதானா?

டைப் 1 பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் மீட்டரை எடுங்கள். 250க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது என்றால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு" என்று வீட்டில் இன்சுலினை நிறுத்தியிருந்தார்களா என்றும் கேளுங்கள், பல தடவை அங்கேதான் சிக்கல்.

அப்பா, சேலம்: சித்த மருந்து…

கரூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

அம்மா, தஞ்சாவூர்: குளுக்ககான் பெட்டியில் தேதி முடிந்துவிட்டது. தூக்கிப் போடவா?

புதுசு வாங்கிய பிறகு பழையதை டீச்சரிடம் கொண்டுபோங்கள். பவுடரைக் கலக்கி, உறிஞ்சி, ஒரு சாத்துக்குடியில் குத்திப் பழகட்டும். ஊசியை மூடி, மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ கொடுத்துவிடுங்கள், அந்தப் பழத்தை யாரும் சாப்பிட வேண்டாம்.