பக்கவாதம் வந்த அப்பாவை, முதுகு பிடிக்காமல் வீல்சேருக்குத் தூக்குவது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பது இது: அப்பாவுக்குப் பக்கவாதம், இடது கை கால் பலமில்லை, எடை 72 கிலோ. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார். நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வீல்சேரில் உட்கார வைக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் வார்டு பாய் அப்படித்தான் செய்தார். இப்போது அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சரியாகத் தூக்கும் முறை எது, தூக்கும் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் என் வேலையில் உண்டு. இந்தக் கேள்வி வராத வீடு அபூர்வம். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: 72 கிலோ மனிதரை முதுகு பிடிக்காமல் தூக்கும் முறை என்று எதுவும் கிடையாது. முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, உடம்போடு ஒட்டிப் பிடி என்று காலங்காலமாகச் சொல்லிவரும் பாடம் அரிசி மூட்டைக்குப் பொருந்தும். மூட்டை பாதியில் பயந்துபோய் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது.

கணக்கைப் பாருங்கள். தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையோஷ், எல்லாம் தோதாக இருந்தால்கூட ஒருவர் தூக்கலாம் என்று வைத்திருக்கும் எடை 23 கிலோ. அதே நிறுவனத்தின் தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் நோயாளிகளைத் தூக்குவதற்கென்றே தனியாகக் கணக்குப் போட்டு, அதை 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ என்று இறக்கினார். அப்பாவின் ஒரு கால் மட்டுமே 11, 12 கிலோ இருக்கும். நீங்கள் இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டாலும் தலைக்கு 36 கிலோ. சரிபாதியாக ஒருநாளும் பிரியாது என்பது வேறு விஷயம். பலமில்லாத பக்கம் நிற்பவர் தலையில்தான் விழும். அம்மா எந்தப் பக்கம் நின்றார் என்று நான் கேட்காமலே ஊகிக்கிறேன்.

நர்ஸ்களின் முதுகு போய்க்கொண்டே இருந்ததால்தான் பல நாடுகள் இதில் விழித்துக்கொண்டன. பிரிட்டனில் 1992-ல் கையால் சுமை தூக்குவதற்கான விதிமுறைகள் வந்தன. 1996-ல் அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், தவிர்க்க முடியாத அவசரம் தவிர நோயாளியைக் கையால் தூக்குவதே கூடாது என்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில நர்ஸ்கள் சங்கம் 1998-ல் ‘நோ லிஃப்ட்’ கொள்கையைக் கொண்டுவந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாராஸ் குழு 1999-ல் அளந்து பார்த்ததில், இருவர் சேர்ந்து தூக்கினால்கூட முதுகெலும்பில் விழும் பாரம் ஆபத்தான அளவில்தான் இருந்தது.

நம் ஊரில் நிலைமை தெரிந்ததே. ஸ்ட்ரெச்சருக்கும் கட்டிலுக்கும் நடுவே போட்டு ஆளை நழுவவிடும் வழுவழுப்பான பலகை பல ஆஸ்பத்திரிகளில் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். நாலு பேர் பெட்ஷீட்டின் நாலு மூலையைப் பிடித்து ‘ஏய் தூக்கு’ என்று தூக்கிக்கொண்டிருப்பார்கள். நாலாவது ஆள் பெரும்பாலும் நோயாளியின் மகன். டிஸ்சார்ஜ் அன்று மாத்திரை எப்போது, மூக்குக் குழாயில் கஞ்சி எவ்வளவு என்றெல்லாம் சிஸ்டர் சொல்லித் தருவார். கட்டிலிலிருந்து எழுப்புவதை யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்து, வீட்டு ஆளையே ஒருமுறை செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். கேட்க வேண்டும் என்று குடும்பத்துக்குத் தெரிவதில்லை.

அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் முதுகைவிட அப்பாவின் தோள்தான் முதல் காரணம். பக்கவாதத்தில் தோள் மூட்டைக் கவ்விப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துவிடும். கையின் பாரத்திலேயே மூட்டு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். தோள் எலும்பின் முனைக்குக் கீழே தடவிப் பாருங்கள், சிலருக்கு ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தெரியும். அந்தத் தோளைப் பிடித்து ஒரு நாளைக்குப் பலமுறை இழுத்தால் வலி நிரந்தரமாகத் தங்கிவிடும். தோள் வலிப்பவர் கைக்கான பயிற்சி எதையும் செய்ய மாட்டார்.

சரி, தூக்காமல் என்ன செய்வது? எழ வைக்க வேண்டும். அவருக்கு வலது கையும் வலது காலும் நன்றாக இருக்கின்றன. வேலையில் பெரும்பகுதியை அவைதான் செய்ய வேண்டும். நீங்கள் சாயாமல் பார்த்துக்கொள்ளும் ஆள்.

முதலில் கட்டில் உயரம். அவர் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். நம் வீட்டுக் கட்டில்கள் பல இதற்குத் தாழ்வு. தச்சரிடம் சொல்லி, கட்டில் கால் உள்ளே இறங்கி உட்காரும்படி நடுவில் குழி வைத்த மரக்கட்டை நாலு செய்து வாங்குங்கள். வெறும் செங்கல்லை வைக்காதீர்கள், நழுவும். இந்த நாலு கட்டை பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்பது என் அனுபவம்.

அடுத்தது லுங்கி. வீட்டில் அப்பாக்கள் எல்லாரும் லுங்கிதான், அதைப் பிடித்துத்தான் எல்லாரும் தூக்குகிறார்கள். பாதி எழும்போது முடிச்சு அவிழும், அவர் கூச்சத்தில் கையை அங்கே கொண்டுபோவார், அதோடு சமநிலை போய்விடும். கீழே தொங்கும் விளிம்பு வீல்சேரின் கால்தட்டில் மாட்டும். அரைக்கால் பேண்ட் போடுங்கள். இடுப்பில், துணிக்கு மேல், அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டுங்கள்; சர்ஜிகல் கடைகளில் கைப்பிடி வைத்ததே கிடைக்கிறது. வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ வயிற்றுக் குழாய் இருந்தாலோ பெல்ட் வேண்டாம், உங்கள் பிசியோவிடம் மாற்று கேளுங்கள். அம்மாவும் முந்தானையைச் செருகிக்கொள்ளட்டும்.

வீல்சேரை அவருடைய வலப்பக்கம், கட்டிலோடு லேசாகச் சாய்த்து நிறுத்துங்கள். பிரேக் இரண்டும் போட்டாயிற்றா என்று ஆட்டிப் பாருங்கள். கால்தட்டை மடக்கிவிடுங்கள், கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. யூரின் பை இருந்தால் அதை முதலில் வீல்சேருக்கு மாற்றுங்கள், இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். பிறகு அவரை வலப்புறமாக ஒருக்களிக்கச் சொல்லி, கால்களைக் கீழே இறக்கி, வலது கையால் ஊன்றி உட்கார வையுங்கள். உடனே எழுப்பாதீர்கள். படுத்தே இருந்தவருக்கு எழுந்த 3 நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அதை டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். தலைசுற்றி விழுவது இதனால்தான். ஓரிரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும், ‘தலை சுத்துதாப்பா?’ என்று கேளுங்கள்.

எழும் கட்டம்: விளிம்புக்கு நகர்ந்து வரட்டும், பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். நீங்கள் எதிரே, அவருடைய இடது முழங்கால் உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இருக்கும்படி நில்லுங்கள். அந்தக் கால்தான் திடீரென்று மடங்கும். உங்கள் கை பெல்ட்டில், அவர் கை உங்கள் கழுத்தில் அல்ல, மெத்தையில். மூக்கு பாத விரல்களைத் தாண்டும் அளவுக்கு முன்னால் குனியச் சொல்லுங்கள். எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். பயத்தில் பின்னால் சாய்வார், நீங்கள் முன்னால் இழுப்பீர்கள், இரண்டு பேரும் மல்லுக்கட்டுவீர்கள். நன்றாகக் குனிந்தால் பின்புறம் தானாகக் கிளம்பும். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணும்போது மூணில் எழுவதா, மூணு முடிந்தபின் எழுவதா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அம்மாவின் இடுப்பு அந்த அரை நொடியில்கூடப் போயிருக்கலாம். நின்றதும் வலது கை வீல்சேரின் தூரத்துக் கைப்பிடியைத் தேடட்டும், சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, சீட் கால் பின்புறத்தில் பட்ட பிறகு உட்காரட்டும்.

திரும்பக் கட்டிலுக்கு வரும்போது வீல்சேரை அதே இடத்தில் வைத்தால் கட்டில் அவருடைய இடப்பக்கம் வந்துவிடும். வண்டியை எதிர்த்திசையில் திருப்பி, கட்டில் மறுபடி வலப்பக்கம் வரும்படி நிறுத்த வேண்டும். இதற்கு அறையில் இடம் வேண்டும், பீரோவையாவது நகர்த்துங்கள்.

நடுவில் அவர் சரிந்தால் தாங்கிப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். பெல்ட்டை விடாமல், உங்கள் காலோடு சரியவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார வையுங்கள், தலை மட்டும் அடிபடக் கூடாது. உடனே அள்ளித் தூக்க அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடாதீர்கள். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தலையில் அடி என்றாலும் அப்படியே, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கட்டாயம்.

விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் படுக்கையிலேயே வைத்துவிடுவதுதான் அடுத்த அபாயம். அமெரிக்காவில் 2008 அக்டோபரிலிருந்து, ஆஸ்பத்திரிக்குள் விழுந்து எலும்பு முறிந்தால் அதற்கான கூடுதல் செலவை முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தருவதில்லை. நல்ல நோக்கம்தான். ஆனால் எழுந்தால் அலறும் அலாரம், ‘பெட்டை விட்டு இறங்காதே’ என்ற உத்தரவு என்று பல இடங்களில் நோயாளிகளைக் கட்டிப்போட்டதுதான் மிச்சம் என்று அங்கேயே விமர்சனம் உண்டு. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்ததற்கே கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. அப்பா எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் சிகிச்சைதான்.

படுத்திருக்கும் நேரத்துக்கு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், முழுசாக ஒருக்களிக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. கீழே சரிந்து வந்தவரை மேலே ஏற்றும்போது இழுக்காதீர்கள். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே சதை நகரும், படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். தோளிலிருந்து தொடை வரை வரும்படி வழுக்கும் நைலான் துணி ஒன்றை இரண்டாக மடித்து அடியில் நுழைத்து, வலது காலை ஊன்றி அவரையே உந்தச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் துணியை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் அவரும் வழுக்குவார்.

மெஷின் பற்றி. ஆளைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுத் தூக்கும் மெஷின் அது; ஹோயர் லிஃப்ட் என்று கேட்டாலே கடையில் தெரியும். டெட் ஹோயர் என்ற அமெரிக்கர், கார் விபத்தில் கை கால் செயலிழந்தவர், தனக்காகச் செய்ய ஆரம்பித்தது. இரண்டு காலும் ஊன்றவே முடியாதவருக்கும், சொல்வது புரியாதவருக்கும் அது வரப்பிரசாதம். உங்கள் அப்பா வலது காலை ஊன்றுவார் என்றால் இப்போதைக்கு வேண்டாம். தொட்டிலில் தொங்கிப் பழகினால் எழ முயலவே மாட்டார். தேவைப்பட்டாலும் முதலில் வாடகைக்கு எடுங்கள். அதன் அடிக்கால் கட்டிலுக்குக் கீழே நுழைய வேண்டும். அடியில் பெட்டி வைத்த பாக்ஸ் கட்டில் என்றால் நுழையாது. வாங்கிவந்து ஹாலில் துணி காயப்போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காலில் மரமரப்பு, பாதம் இழுபடுவது, சிறுநீர் போவதில் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அதுவரை அப்பாவை எழ வைப்பது நீங்கள். வீல்சேரைப் பிடித்துக்கொள்வது மட்டும் அம்மா.